நாலு தந்தி ராஜ்ஜியம்

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்!

ஹாம்பர்க், 1961. இரவெல்லாம் கிளப்பில் வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்த லிவர்பூல் பையன்கள் ஐந்து பேருக்குத் திடீரென ஒரு சிக்கல். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப், ஓவியம் படிக்கப் போவதாகச் சொல்லி விலகிவிட்டார். அந்த இடத்துக்கு வர யாருக்கும் ஆசையில்லை. பேஸ் என்றால் மேடையின் பின்னால் ஓரமாக நிற்கிற குண்டு ஆளின் வேலை என்பதுதான் அன்றைய நினைப்பு. கடைசியில் அது பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது.

கடைக்குப் போனார். ஃபெண்டர் பேஸ் நூறு பவுண்டு சொன்னார்கள். கையில் அவ்வளவு இல்லை. பக்கத்தில் வயலின் வடிவத்தில் ஹாஃப்னர் என்ற ஜெர்மன் பேஸ் ஒன்று இருந்தது. விலை முப்பது பவுண்டு. மெக்கார்ட்னி இடதுகைக்காரர். இரண்டு பக்கமும் ஒரே அச்சில் இருப்பதால், திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்று தோன்றியது. விலை மலிவு, பார்க்க லட்சணம். அந்தப் பையன்களின் குழுவான பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டுகளில் நாம் கேட்கும் பேஸ், இந்த இரண்டே காரணங்களுக்காக வாங்கப்பட்டது.

பிற்பாடு அதற்கு ஒரு துப்பறியும் கதையும் சேர்ந்துகொண்டது. 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து அது திருடுபோனது. ஐம்பது வருடம் தகவலே இல்லை. தேடுவதற்கென்றே சிலர் குழுவாகக் கிளம்ப, இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில் செய்தி அறிவிக்கப்பட்டது. அதே டிசம்பரில் லண்டன் மேடையில், 82 வயது மெக்கார்ட்னி அதை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

இன்று சென்னை அண்ணா சாலையில் இசைக் கருவிக் கடைப்படி ஏறுகிறவர்களும் முதலில் பார்ப்பது விலையையும் தோற்றத்தையும்தான். அதில் தப்பில்லை. மூன்றாவதாக ஒரு கேள்வி வரும்: 'எந்த பிராண்டு நல்லது?' பேஸ் வாசிக்கிறவர்கள் இரண்டு பேர் டீக்கடையில் சேர்ந்தாலும் பேச்சு அங்கேதான் போகும். ஃபெண்டரா, இபனேஸா, யமஹாவா, கார்ட்டா. நாலு தந்தியா, ஐந்து தந்தியா. விடிய விடியப் பேசலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

போனில் கேட்காத வாத்தியம்

பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 'ஈ'. அதைத் திறந்து மீட்டினால் வினாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். சாதாரண கிட்டாரின் கனத்த தந்தி 82. அதில் சரிபாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. ஐந்து தந்தி பேஸில் கூடுதலாக வரும் 'பி' தந்தி இன்னும் இறங்கி 31-க்குப் பக்கத்தில் நிற்கும்.

கையடக்க போனில் இருக்கும் பொடி ஸ்பீக்கரால் இந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. ஆனாலும் பாட்டு முழுதாகக் கேட்பதுபோல் நமக்குத் தோன்றுகிறது. காரணம், காதும் மூளையும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை: அடிப்படை அதிர்வு வராவிட்டாலும் அதன் மேலடுக்குச் சுரங்களை வைத்து, இல்லாத கீழ்ச்சுரத்தை மூளை ஊகித்துக்கொள்கிறது. கேட்பதற்கு இது போதும். கற்பதற்குப் போதாது. போனில் பாட்டை ஓடவிட்டு 'பேஸ் என்ன வாசிக்கிறது என்று பிடிபடவே மாட்டேன் என்கிறது' என்று தவிக்கும் மாணவரின் காதில் குறை இல்லை, ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் ஹெட்போன் ஒன்று போதும், பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது தெரிந்துவிடும்.

தமிழர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய செய்தியும் இல்லை. 1980-களின் இளையராஜா பாடல்களை நல்ல ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்குத் தெரியும். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாருக்குத் தங்கப்பதக்கம் வாங்கிய அவர், பேஸை வெறும் தாளத் துணையாக வைத்திருக்கவில்லை. பாடகர் ஒரு பக்கம் போக, பேஸ் எதிர்த்திசையில் தனக்கென ஒரு மெட்டு எடுத்துக்கொண்டு போகும். பல்லவி முடிகிற இடத்தில் இரண்டும் சந்திக்கும். அவர் குழுவில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயர் ரசிகர்களைவிட வாத்தியக்காரர்களிடம்தான் அதிகம் புழங்குகிறது. ஏ.ஆர்.ரஹ்மானின் பாடல்களில் அந்த இடம் சென்னைக்காரர் கீத் பீட்டர்ஸுடையது.

1951: மூலைக்குப் போன பெரிய பேஸ்

அதற்கு முன் பேஸ் என்றால் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் டபுள் பேஸ்தான். காரின் கூரையில் கட்டி எடுத்துப் போக வேண்டும். டிரம்ஸும் மின்கிட்டாரும் முழங்கும்போது அதன் சத்தம் எடுபடாது. 1930-களிலேயே சியாட்டில் நகரின் பால் டட்மார்க் மின் பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், சந்தையில் நிற்கவில்லை. 1951-ல் கலிஃபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' கொண்டுவந்தார். ஃப்ரெட் பதித்திருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதால் அந்தப் பெயர். அவர் வைத்த 34 அங்குலத் தந்தி நீளமே இன்றுவரை பொது அளவு. 1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. கடையில் இன்று தொங்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

பெட்டிச் செய்தி: தந்தி மாற்றாத மனிதர்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோடவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் 1960-கள் முழுக்க பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கையில் பெரும்பாலும் ஒரு 1962 பிரிசிஷன் பேஸ். வழவழப்பான ஃபிளாட்வுண்ட் தந்திகள். அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அழுக்குதான் நாதத்தைக் காப்பாற்றுகிறது என்பது அவர் நம்பிக்கை. வலது கையில் மீட்டுவது ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும். பதிவின்போது ஆம்ப் கிடையாது. பேஸின் ஒயர் நேராக மிக்ஸருக்குப் போகும். பாப் இசையில் பேஸ் எப்படி வாசிக்கப்பட வேண்டும் என்பதை மாற்றி எழுதியது இந்தக் கூட்டணிதான். 1983-ல் 47 வயதில் அவர் இறப்பதற்குச் சற்றுமுன் அந்த பேஸ் திருடுபோனது. இன்றுவரை கிடைக்கவில்லை.

கடையில் கை எங்கே போக வேண்டும்?

புதிய பேஸ் விலை பத்தாயிரத்துக்குச் சற்று மேலே ஆரம்பிக்கிறது. இறக்குமதியான அமெரிக்க ஃபெண்டர் என்றால் லட்சத்தைத் தாண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் உண்மைதான். மரம், பிக்கப், பூச்சு, ஃப்ரெட் வேலை எல்லாம் மாறும். ஆனால் மலிவான பேஸ் ஒன்று நன்றாகச் 'செட்டப்' செய்யப்பட்டால், செட்டப் செய்யாத விலையுயர்ந்த பேஸைவிட விரலுக்கு இதமாக இருக்கும். கடையில் யாரும் இதை எடுத்தவுடன் சொல்ல மாட்டார்கள். பிராண்டை விட்டுவிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'செட்டப் செய்திருக்கிறதா?'

செட்டப் என்பது நான்கைந்து வேலைகள் சேர்ந்தது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகி, கழுத்தின் வளைவைச் சரி செய்வது. பிரிட்ஜில் தந்தியின் உயரத்தை இறக்குவது. ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் சுருதிக்கு ஏற்ப நகர்த்துவது. நட்டின் பள்ளங்களைச் சரி பார்ப்பது. தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி, சென்னையின் ஈரக்காற்றுக்கு வந்து, ஏ.சி. அறையில் மாதக்கணக்கில் தொங்கிய மரம் வளையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பேஸ் தந்திகள் கிட்டார் தந்திகளைவிடக் கழுத்தை அதிகமாக இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்கலாம். முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரல் வைத்துத் தந்தியை அழுத்துங்கள். நடுவே ஏழாவது ஃப்ரெட் பக்கத்தில் ஒரு மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லை என்றாலும் பேனா நுழைகிற அளவு இருந்தாலும், கழுத்துக்கு வேலை இருக்கிறது. பிறகு ஒவ்வொரு தந்தியிலும் எல்லா ஃப்ரெட்டையும் ஒரு முறை அழுத்தி வாசியுங்கள். எங்கே இரைச்சல், எங்கே சத்தம் செத்துப்போகிறது என்று கவனியுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுங்கள்; அடுத்து அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். ட்யூனரில் இரண்டும் ஒரே சுரம் காட்ட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. குமிழ்களைத் திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பயப்படத் தேவையில்லை, தூசிதான்; விலையைக் குறைக்கக் காரணம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ட்ரஸ் ராட் திருகு ஏற்கெனவே கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தால், எவ்வளவு அழகான பேஸாக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தலையில் பெரிய பிராண்டின் பெயர் ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு. விலை நம்பமுடியாத அளவு மலிவு என்றால் நம்பாதீர்கள்.

'ஆக்டிவா, பாசிவா?' என்பது அடுத்த பட்டிமன்றம். ஆக்டிவ் பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு சுற்று உண்டு. மேடையிலேயே ஒலியைக் கூட்டிக் குறைத்து வடிவமைக்கலாம். பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்களில் ஒயரைச் செருகியவுடன் அந்தச் சுற்று ஓட ஆரம்பிக்கும். வாசித்து முடித்து ஒயரைப் பிடுங்காமல் தூங்கப் போனால், அடுத்த நாள் கச்சேரியில் பாதிப் பாட்டில் பேட்டரி மண்டையைப் போடலாம். பாசிவ் பேஸுக்கு இந்தக் கவலையே கிடையாது.

குழந்தைகளுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் 30 அங்குல 'ஷார்ட் ஸ்கேல்' பேஸ் உண்டு. மெக்கார்ட்னியின் ஹாஃப்னரும் அந்த ரகம்தான். அதைப் பொம்மை என்று யார் சொல்வது?

பெட்டிச் செய்தி: நம்ம ஊர் ஈட்டி

பேஸின் விரல் பலகைக்குக் காலங்காலமாகப் பயன்படும் மரங்களில் ஒன்று இந்திய ரோஸ்வுட். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் ஈட்டி, அதாவது தோதகத்தி. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் வகைகள் எல்லாம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. ஒவ்வொரு கருவிக்கும் காகிதம் காட்ட வேண்டிய நிலை. ஃபெண்டர் தன் மெக்சிகோ தயாரிப்புகளில் பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு வந்தது. 2020-ல் அடுத்த அடி: வண்டுத் தாக்குதலாலும் வெள்ளத்தாலும் சதுப்புநில ஆஷ் மரம் அரிதாகிப் போக, ஃபெண்டர் அதை வழக்கமான தயாரிப்புகளிலிருந்து விலக்கிக்கொண்டது.

ஆம்ப் இல்லாத பேஸ் அரை பேஸ்

பட்ஜெட் முழுவதையும் கருவியிலேயே கொட்டிவிட்டு, வீட்டில் கிடக்கும் கிட்டார் ஆம்பில் செருகுவது இங்கே சகஜம். சத்தத்தைக் குறைவாக வைத்துப் பழகினால் ஆபத்தில்லை. ஏற்றினால் அந்த ஸ்பீக்கர் தாங்காது; கீழ்ச்சுரங்கள் அதன் காகிதக் கூம்பை அளவுக்கு மீறி முன்னும் பின்னும் தள்ளும். பேஸுக்கென்றே செய்த சிறிய ஆம்ப் வேண்டும். அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் தொல்லை என்றால், பேஸிலேயே செருகிக்கொள்ளும் ஹெட்போன் ஆம்ப் போதும். பெரிய கேபினெட் வாங்கும் ஆசையைத் தள்ளிப்போடலாம். கல்யாண மண்டபத்திலும் சர்ச்சிலும், பேஸை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பெட்டி வழியாக ஹாலின் ஸ்பீக்கருக்குத்தான் பேஸ் போகப்போகிறது.

தந்தியின் விலையும் முதலில் யாருக்கும் உறைப்பதில்லை. பேஸ் தந்தி செட், கிட்டார் தந்தி செட்டைப்போல் சில மடங்கு விலை. கடற்கரை ஊர்களில் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அதைச் சீக்கிரமே மந்தமாக்கிவிடும். வாசித்தபின் துணியால் துடைத்தாலே ஆயுள் கூடும். பழைய கைக்காரர்களிடம் இன்னொரு வித்தை உண்டு: தந்திகளைக் கழற்றிச் சுருட்டி வெந்நீரில் கொதிக்கவிட்டு, நன்றாக உலர்த்தி மாட்டுவார்கள். சுருளுக்குள் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு போய், சில நாளைக்கு நாதம் பளிச்சென்று இருக்கும். வீட்டில் குழம்பு வைக்கிற பாத்திரத்தை எடுக்காமல் இருப்பது குடும்ப நிம்மதிக்கு நல்லது.

கற்பது: வலது காலைக் கேளுங்கள்

இணையத்தில் பேஸ் என்று தேடினால், கட்டைவிரலால் அடித்துத் தந்தியைச் சுண்டும் 'ஸ்லாப்' வாசிப்புதான் முதலில் வந்து குதிக்கும். அதைப் பிரபலப்படுத்திய லாரி கிரஹாம், தன் அம்மாவுடன் சேர்ந்து வாசித்த சின்னக் குழுவில் டிரம்மர் இல்லாமல் போனபோது, டிரம்ஸின் குறையை நிரப்பக் கட்டைவிரலைக் கொண்டு வந்தார். தேவையில் பிறந்த வித்தை. இன்று மாணவர்கள் அதை முதல் பாடமாக எடுத்துக்கொண்டு, எளிய பாட்டு ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே காலப்பிரமாணத்தில் பிடிக்க முடியாமல் திணறுகிறார்கள்.

பேஸின் உண்மையான ஜோடி டிரம்மரின் வலது கால். கிக் டிரம் விழும் கணத்தில் பேஸ் சுரமும் விழ வேண்டும். கீபோர்டுக்காரர் பிடிக்கும் கார்டின் மூலச்சுரம் எது, எங்கே அது மாறுகிறது என்பதைக் காது பிடிக்க வேண்டும். இவ்வளவு கைக்கு வந்துவிட்டால் மெல்லிசைக் குழுவில் இடம் கிடைத்துவிடும். மீதியை மேடை சொல்லிக்கொடுக்கும். சென்னையில் பல பேஸ் வாசிப்பாளர்களுக்கு முதல் பள்ளிக்கூடம் சர்ச்தான். வாரம் தவறாமல் வாசிப்பு, ஒத்திகை, பாடுகிறவருக்கு வசதியாகத் திடீரென்று மாறும் சுருதி. பணம் கொடுத்தாலும் கிடைக்காத பயிற்சி அது.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு டிரினிட்டியும் ராக்ஸ்கூலும் பேஸுக்கெனத் தனித் தேர்வுகள் நடத்துகின்றன. ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியும் சென்னையில் இருக்கிறது. டேப் எனப்படும் எண்முறைக் குறிப்போடு நின்றுவிடாமல் ஸ்டாஃப் நொட்டேஷனும் படித்துவிடுவது நல்லது. கையில் வைத்த தாளை அப்போதே வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் ஸ்டுடியோக்களில் நிலைத்தார்கள்.

ஸ்டுடியோவில் அப்படி நிலைத்த பெண்ணுக்கு அமெரிக்காவின் கேரல் கே நல்ல உதாரணம். லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வராமல் போக, அவர் கையில் பேஸைக் கொடுத்தார்கள். மூன்று நான்கு கிட்டார்களைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட ஒரு பேஸ் சௌகரியம் என்று அப்படியே தங்கிவிட்டார். எண்ணிலடங்காத பதிவுகளில் வாசித்தார். இந்தியாவில் இன்று அப்படிப் பேர் எடுத்திருப்பவர் மும்பையின் மோகினி டே. அப்பாவும் பேஸ் வாசிப்பவர். 2013-ல் ரஹ்மானின் கோக் ஸ்டூடியோ நிகழ்ச்சியில் இளம்பெண்ணாக நின்று வாசித்தபோது தேசமே திரும்பிப் பார்த்தது. பேஸ் ஆண்களின் வாத்தியம் என்று வீட்டில் யாராவது சொன்னால், வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள்.

வேலை இருக்கிறதா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. நேர்மையான பதில்: ஸ்டுடியோவில் குறைந்துவிட்டது, மேடையில் இருக்கிறது.

இயந்திரம் பேஸ் வாசிப்பவரின் வயிற்றில் அடிக்கப் பார்த்தது இன்று நேற்றல்ல. 1981-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம், பேஸ் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக டி.பி.-303 என்ற சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தது. பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கும் என்றார்கள், ஒலிக்கவில்லை. 1984-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். மும்பைத் திரையிசையில் கிட்டாரும் சிந்தசைசரும் வாசித்துவந்த சரண்ஜித் சிங் அந்தப் பெட்டியை வைத்து 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அப்போது சீந்துவார் இல்லை. சில ஆண்டுகள் கழித்து சிகாகோ இளைஞர்கள் அதே பெட்டியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையை உருவாக்கினார்கள். சரண்ஜித் சிங்கின் தட்டை உலகம் கண்டுகொண்டது 2000-களுக்குப் பிறகுதான்.

அந்தப் பெட்டி தோற்ற இடத்தில் கணினி ஜெயித்தது. மாதிரி ஒலிகளைக் கொண்ட மென்பொருளில், கீபோர்டில் தட்டியே பேஸ் பகுதியை முடித்துவிடலாம். சின்ன பட்ஜெட் படங்களிலும் விளம்பரங்களிலும் அதுவே வழக்கம். வரவேற்பு நிகழ்ச்சிகளில்கூட ஓர் ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, கீபோர்டுக்காரரின் இடது கையே பேஸாகிவிடுகிறது. ஆடுகிறவர்கள் ஏன் சோர்ந்து உட்கார்கிறார்கள் என்று காண்ட்ராக்டருக்குப் புரிவதில்லை.

மறுபக்கமும் உண்டு. கிட்டார் வாசிக்கப் பத்துப் பேர் வரிசையில் நிற்கும் கல்லூரி வாசலில், பேஸ் வாசிக்க ஒருவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. நன்றாக வாசிக்கிற பேஸிஸ்ட் ஒரே நேரத்தில் நான்கு குழுக்களில் இருப்பார். வீட்டில் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்துப் பதிவு செய்து இணையத்தில் அனுப்பும் வேலையும் வளர்ந்திருக்கிறது. சிலருக்கு பேஸே வேறு வாசலைத் திறந்துவிடுகிறது. 'கோ' படப் பாடலால் பாடகராக ஊரறிந்த ஆலாப் ராஜு அடிப்படையில் பேஸ் வாசிப்பவர்.

குறை ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கல்யாண வீட்டில் சமையல் நன்றாக இருந்தால் சமையல்காரர் பெயரை யாரும் கேட்பதில்லை. பேஸ் வாசிப்பவர் நிலைமையும் அதுதான். மோடவுனின் எத்தனையோ வெற்றிப் பாடல்களில் வாசித்த ஜேமர்சனுக்கு, 1971-ல் மார்வின் கேயின் இசைத்தட்டு வரும்வரை அட்டையில் பெயர் வரவில்லை. ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை அச்சிடும் பழக்கத்தைக் கொண்டுவந்தபோதுதான் நம்மூரில் பலர் கீத் பீட்டர்ஸ் என்ற பெயரைப் படித்தார்கள். கேசட்டும் சி.டி.யும் போய் செயலிகள் வந்தபின் அந்தப் பட்டியல் மறுபடி காணாமல் போய்விட்டது. பாடல் வெளியிடும் நிறுவனங்கள் செயலியில் நான்கு வரி கூடுதலாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எங்கள் சிபாரிசு

முதல் பேஸ் வாங்குகிறவருக்கு: நாலு தந்தி, பாசிவ், 34 அங்குலம்; கை சிறியதென்றால் 30. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் கருவியில் போட வேண்டாம். மீதியில் ஒரு சிறிய பேஸ் ஆம்ப் அல்லது ஹெட்போன் ஆம்ப், தோளை அறுக்காத அகலமான ஸ்ட்ராப், ட்யூனர், கைதேர்ந்தவரிடம் ஒரு செட்டப், ஆறு மாத வகுப்புக் கட்டணம். வாங்கப் போகும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து தந்தியைப் பற்றி ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம்.